கோழிகளில் இறகு நிறத் தேர்வு வளர்ப்பு

கோழிகளில் இறகு நிறத் தேர்வு வளர்ப்பு என்பது, குறிப்பிட்ட நிறமும் கோலமும் தலைமுறைதோறும் வரும்படி சேவலையும் பெட்டையையும் தெரிந்தெடுத்து இணைக்கும் முறையாகும். இது தொடக்கத்தில் கண்காட்சிக்குக் கோழி வளர்ப்போரின் பொழுதுபோக்காகவே இருந்தது. பின்னர் மரபியலின் முதல் ஆய்வுகளுக்குக் களமாயிற்று. முட்டைக் கோழித் தொழிலில், பொரித்த அன்றே ஆண் குஞ்சையும் பெண் குஞ்சையும் பிரித்தறிய இன்று இம்முறை பயன்படுகிறது.

நிறத்தின் அடிப்படை

வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். பல வீட்டுக் கோழிகளில் காணப்படும் மஞ்சள் தோல் மட்டும், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008 ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இறகின் நிறத்தை இரண்டு நிறமிகள் தருகின்றன. யூமெலனின் கறுப்பு நிறத்தையும், ஃபியோமெலனின் சிவப்பு, பொன் நிறங்களையும் உண்டாக்குகின்றன. இவை எங்கே, எவ்வளவு படியும் என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெள்ளை என்பது தனி நிறமி அன்று. நிறமி தடைப்பட்ட நிலையே. அத்தடை பல வழிகளில் ஏற்படலாம். வெள்ளை லெகார்ன் கோழியின் வெண்மை ஓங்கு பண்பாகும். வேறு சில இனங்களின் வெண்மை ஒடுங்கு பண்பாகும். எனவே இரண்டு வெள்ளைக் கோழிகளை இணைத்தால் அவற்றின் வழித்தோன்றல்களில் நிறமுள்ளவை தோன்றுவதும் உண்டு. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி இணை சேர்ப்பவர் ஏமாறும் இடம் இது.

சார்லசு டார்வின் கறுப்பு எசுப்பானியச் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழியுடன் இணைத்தபோது, காட்டுக்கோழியின் நிறங்களைக் கொண்ட சேவல் ஒன்று பிறந்ததை 1868 இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். மறைந்திருந்த பண்பு மீள்வதை அவர் கண்டார். அதன் கணக்கை அறிய மெண்டலின் விதிகள் தேவைப்பட்டன. அவ்விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை வில்லியம் பேட்சன் 1902 இல் கோழிகளைக் கொண்டே காட்டினார்.

ஆண்டலூசிய நீலம்

ஆண்டலூசியன் என்னும் இனத்தின் நீலச்சாம்பல் நிறம் பாடநூல்களில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டாகும். நீலச் சேவலை நீலப் பெட்டையுடன் இணைத்தால் குஞ்சுகளில் ஏறத்தாழ கால் பங்கு கறுப்பாகவும், அரைப் பங்கு நீலமாகவும், கால் பங்கு கறைகள் தெறித்த வெள்ளையாகவும் அமையும். வளர்ப்போர் கறுப்பையும் வெள்ளையையும் கலப்படத்தின் அடையாளம் எனக் கருதிக் கழித்து வந்தனர். எத்தனை தலைமுறை கழித்தாலும் அவை மீண்டும் வந்தன.

இதன் காரணம் எளியது. நீலம் என்பது ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்களும் ஒரே கோழியில் சேர்ந்திருக்கும் நிலை. ஒரே வடிவம் இரண்டாக இருந்தால் கறுப்பு அல்லது வெள்ளை. ஆகவே நீலத்தைத் தூய இனமாக நிலைநிறுத்த இயலாது. கழித்துவிட்ட கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் நீலமாகவே இருந்திருக்கும்! இது முழுமையற்ற ஓங்குதன்மை எனப்படுகிறது.

பட்டை இறகும் இரட்டை வளர்ப்பும்

அமெரிக்காவில் உருவான பிளைமவுத் ராக் இனத்தின் ஒரு வகையில் ஒவ்வோர் இறகிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குப் பட்டைகள் இருக்கும். இறகு வளரும்போது நிறமி படிவது விட்டுவிட்டு நிகழ்வதால் இப்பட்டைகள் உண்டாகின்றன.

பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் நிறப்புரிகளும், பெட்டைக்கு ஓர் இசட் நிறப்புரியும் ஒரு டபிள்யூ நிறப்புரியும் உள்ளன. பாலூட்டிகளின் முறைக்கு இது நேர் எதிரானது. இங்கு குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயே. பட்டை மரபணு இசட் நிறப்புரியில் உள்ளது. ஆகவே தூய பட்டைச் சேவலிடம் அதன் இரண்டு படிகளும், பெட்டையிடம் ஒரே படியும் இருக்கும். இதனால் சேவலின் வெண்பட்டைகள் அகன்று, அது பெட்டையைவிட வெளிறித் தோன்றும்.

ஆனால் கண்காட்சி நடுவர்கள் இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என எதிர்பார்த்தனர். இதை நிறைவேற்ற வளர்ப்போர் இரண்டு தனித்தனிக் குடிவழிகளைப் பேணினர். சற்றுக் கருமையான வழியிலிருந்து கண்காட்சிச் சேவல்களும், வெளிறிய வழியிலிருந்து கண்காட்சிப் பெட்டைகளும் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு வழியிலும் மற்றைப் பாலினப் பறவைகள் பரிசுக்கு உதவாதவை. ஒரு தரவிதி இயற்கையின் கணக்கோடு முரண்பட்டால் எவ்வளவு உழைப்பு வீணாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

நிறத்தால் பால் அறிதல்

மேற்கூறிய அதே மரபணு வேறொரு வகையில் பெரும் பயன் தந்தது. பட்டையில்லாத சேவலைப் (எ.கா: ரோட் ஐலண்டு ரெட்) பட்டையுள்ள பெட்டையுடன் இணைத்தால், தாயின் ஒரே இசட் நிறப்புரி மகன்களுக்கு மட்டுமே செல்கிறது. எனவே ஆண் குஞ்சுகள் அனைத்தும் பட்டை மரபணுவைப் பெறும். பெண் குஞ்சுகளுள் எதுவும் பெறாது. பொரித்த நாளன்று குஞ்சுகள் யாவும் கறுப்பாக இருந்தாலும், ஆண் குஞ்சின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி காணப்படும். இணையைத் தலைகீழாக்கினால், அதாவது தூய பட்டைச் சேவலுடன் பட்டையில்லாப் பெட்டையைச் சேர்த்தால், எல்லாக் குஞ்சுகளுக்கும் பட்டை வந்துவிடும், பிரித்தறிய முடியாது.

வெள்ளி, பொன் நிறங்களும் இவ்வாறே. பொன்நிற மரபுடைய சேவலை வெள்ளி மரபுடைய லைட் சசெக்ஸ் பெட்டையுடன் இணைத்தால் மகன்கள் வெளிறியும் மகள்கள் பொன் பழுப்பாகவும் பிறக்கும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் தீவனப் பற்றாக்குறை நிலவியபோது, பயன் குறைந்த ஆண் குஞ்சுகளை முதல் நாளே விலக்க இம்முறையைப் பயன்படுத்தலாம் என ரெசினால்டு பன்னெட் எடுத்துக்காட்டினார். மரபியல் மாணவர் அறிந்த பன்னெட் சதுரம் இவர் பெயரால் அமைந்ததே.

இம்முறையில் ஒரு குறை உண்டு. கலப்புக் குஞ்சுகளைத் தமக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் பட்டை இரு பாலிலும் பரவி அடையாளம் மறைந்துவிடும். ஆகவே இரண்டு பெற்றோர் இனங்களையும் எப்போதும் தனியே பேண வேண்டும். இதைத் தவிர்க்கப் பன்னெட்டும் மைக்கேல் பீசும் கேம்பிரிட்ச்சில் கேம்பார் என்னும் புதிய இனத்தை உருவாக்கினர். பட்டை மரபணு கேம்பைன் இனத்தின் பழுப்பு நிறக் குஞ்சுத் தூவியின் மேல் புகுத்தப்பட்டதால், இரண்டு படி பெற்ற ஆண் குஞ்சு தெளிவாக வெளிறியும், ஒரு படி பெற்ற பெண் குஞ்சு கருமையாகவும் தெரிந்தன. எத்தனை தலைமுறையானாலும் இவ்வேறுபாடு மாறுவதில்லை. இதே வழியில் பின்னர் லெக்பார் இனம் உருவானது. கண்காட்சியாளரை அலைக்கழித்த 'இரு படி, ஒரு படி' வேறுபாடே இங்கு கருவியாயிற்று.

வணிகத்தில் நிறம்

இறைச்சிக் கோழிகள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், உரித்த தோலில் எஞ்சும் வெள்ளை இறகு முளைகள் கண்ணுக்குத் தெரியாமையே. மாறாக இந்தியாவில் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை நிற இறகுகள் கொண்டவை. நாட்டுக்கோழியை ஒத்த நிறத்தையே ஊர்ப்புறத்தார் விரும்பி வாங்குகின்றனர்.

பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்கள் பலவற்றில் பொன்-வெள்ளி முறை இன்றும் பயன்படுகிறது. வெள்ளை லெகார்னில் ஓங்கு வெண்மை நிறங்களை மறைத்துவிடுவதால் இம்முறை செல்லாது. அங்கு இசட் நிறப்புரியிலேயே உள்ள, இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணுவைக் கொண்டு, குஞ்சின் சிறகு இறகுகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பிரிக்கின்றனர்.

முட்டையினச் சேவல்கள் முட்டையிடா. இறைச்சிக்கும் விரைவில் வளரா. ஆகவே பிரிக்கப்பட்ட ஆண் குஞ்சுகள் உலகெங்கும் ஆண்டுதோறும் பல நூறு கோடிக் கணக்கில் முதல் நாளே கொல்லப்படுகின்றன. செருமனி 2022 சனவரி முதல் இதைத் தடை செய்தது. அதன்பின் முட்டைக்குள்ளேயே பால் அறியும் முறைகள் அங்கு வேகமாகப் பரவின. அவற்றுள் ஒன்று, அடைகாப்பின் பதின்மூன்றாம் நாள் அளவில் ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, கருவின் இறகு நிறத்தைக் கருவி கொண்டு அறிவதாகும். இதுவும் பொன்-வெள்ளி வேறுபாட்டையே நம்பியிருப்பதால் பழுப்பு முட்டையினங்களுக்கு மட்டுமே பயன்படும். வெள்ளை லெகார்ன் வழி இனங்களுக்கு முட்டையிலிருந்து நீர்மம் எடுத்துச் சோதிப்பது போன்ற வேறு முறைகள் தேவைப்படுகின்றன.