காரியாலய இரைச்சலும் ஊழியர் நலனும்

இரைச்சலால் ஊழியர் பாதிக்கப்படுகின்றனர் என்றதும் தொழிற்சாலையே நம் நினைவுக்கு வருகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 தெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியில் ஆண்டுக்கணக்காக உழைப்பவரின் செவிப்புலன் மங்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. பல நாடுகளின் தொழிற்சட்டங்கள் அவ்வெல்லையையொட்டியே வரையப்பட்டுள்ளன. காரியாலயத்தின் ஒலியோ பெரும்பாலும் 50 முதல் 65 தெசிபெலுக்குள் அடங்கிவிடுகிறது. தெசிபெல் ஒரு மடக்கை அளவுத்திட்டம். 10 தெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். ஆகவே 55 தெசிபெலுக்கும் 85 தெசிபெலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. இதனாலேயே, காரியாலய எழுதுவினைஞர் இரைச்சலைப் பற்றி முறையிட்டால் 'நாளடைவில் பழகிவிடும்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

இவ்விடை எத்துணை பிழையானது என்பதைக் காட்டிய ஆய்வொன்று விரிவாக நோக்கத்தக்கது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரி எவான்ஸ், டானா ஜோன்சன் என்போர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. எழுதுவினைஞர்களாகிய 40 பெண்களை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு அமைதியான அறையில் மூன்று மணி நேரம் பணிசெய்தது. மற்றைய குழு திறந்த காரியாலயத்தின் வழக்கமான, மிதமான இரைச்சலில் பணிசெய்தது. பின்னர் இரு குழுவினரையும் 'எவ்வளவு உளநெருக்கடி உணர்ந்தீர்கள்?' என வினவியபோது, விடைகளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இரைச்சலில் இருந்தோரின் சிறுநீரில் அதிரினலின் கூடியிருந்தது. தீர்வில்லாத புதிர்களை அவர்களிடம் கொடுத்தபோது அவர்கள் விரைவில் முயற்சியைக் கைவிட்டனர். இன்னுமொன்று: பணியின்போது இருக்கையில் உடலை இடையிடையே அசைத்துச் சரிசெய்துகொள்ளும் இயல்பும் அவர்களிடம் குறைந்திருந்தது. அசையாது ஒரே நிலையில் அமர்ந்திருத்தல் தசை, மூட்டு நோய்களுக்கு வழிகோலுவது. 'பழகிவிட்டது' என்று வாய் சொல்கிறது, உடல் பழகவில்லை.

இதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னரே டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்னும் உளவியலாளர் வேறொரு கோணத்தைத் திறந்திருந்தனர். அவர்களது ஒலிப்பதிவில் பிறமொழிப் பேச்சும், தட்டச்சுப்பொறி, படிப்பெருக்கும் பொறி போன்றவற்றின் ஓசையும் ஒன்றாகக் கலந்திருந்தன. எப்போது வரும் எனத் தெரியாது ஒலித்த இரைச்சல், ஒழுங்கான இடைவெளியில் வந்த அதேயளவு இரைச்சலைவிடக் கூடிய பின்விளைவை உண்டாக்கியது. வேண்டுமானால் இரைச்சலை நிறுத்தலாம் என்று ஒரு பொத்தான் வழங்கப்பட்டவர்களிடம் அப்பின்விளைவு பெரிதும் குறைந்தது. அவர்களோ அதனைப் பெரும்பாலும் அழுத்தவேயில்லை. இரைச்சல் என்பது ஒலியின் அளவு மாத்திரமன்று. தன் சூழல்மீது தனக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதும் அதனுள் அடங்கும்.

ஒலிகளுள் மிகவும் இடையூறானது மனிதப் பேச்சே. கேட்க விரும்பாத பேச்சு, எண் வரிசையை நினைவில் வைத்தல் போன்ற பணிகளைக் குலைக்கிறது என்பது 1976 முதல் பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. பேச்சு மெல்லியதா உரத்ததா என்பது இங்கு அதிகம் பொருட்படுவதில்லை. அறியாத மொழியாயினும் இடையூறு நிகழ்கிறது. கண்ணை மூடலாம், காதுக்கு இமையில்லை.

இனிக் கட்டடத்தின் பக்கம் திரும்புவோம். அறை ஒலியியலை அறிவியலாக்கியவர் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிக ஆசிரியர் வொலஸ் சபைன். 1895இல், பேச்சு விளங்காத விரிவுரை மண்டபமொன்றைத் திருத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி தேய்ந்தடங்கும் நேரத்தை அவர் அளந்தார். எதிர்முழக்க நேரம் அறையின் கனவளவுக்கு நேர்விகிதமாகவும், மேற்பரப்புகளின் மொத்த உறிஞ்சலுக்கு நேர்மாறு விகிதமாகவும் இருக்கும் என்பது அவரது முடிபு. உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு சுவையானது: திறந்த யன்னல். அதன்வழி சென்ற ஒலி திரும்பி வருவதில்லை. வெப்பநாட்டினராகிய நமக்கோ அந்த யன்னல் இருமுனைக் கத்தி; உள்ளொலியை அது வெளியேற்றுகிறது, வீதியொலியை உள்ளே கொணர்கிறது. நம் காரியாலயங்களின் சீமெந்துத் தளமும் சாந்து பூசிய சுவரும் ஒலியை ஏறக்குறைய முழுதாகவே தெறிக்கச் செய்கின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

உறிஞ்சும் கூரைத்தகடுகளைப் பொருத்திவிட்டால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது அரைகுறை வைத்தியம். எதிர்முழக்கம் குறையும்போது பின்னணி ஒலியும் தணிகிறது. அதனால் பத்து மீற்றர் அப்பாலுள்ளவரின் பேச்சு முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது. மேசைகளுக்கிடையே தடுப்புத் திரை வைத்தாலும், கூரை வன்மையானதாயின் ஒலி அதில் தெறித்துத் திரையைத் தாண்டிவிடும். எனவே உறிஞ்சும் கூரை, போதிய உயரமான திரை, மெல்லிய சீரான பின்னணி ஒலி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டியுள்ளது. இவ்விளக்கத்தின் வழிவந்ததே 2012இல் வெளியான சர்வதேச நியமம்: பேச்சின் தெளிவு குறித்த ஓர் அளவுக்குக் கீழே இறங்கும் தூரத்தை அது 'கவனச்சிதைவுத் தூரம்' எனக் கொள்கிறது. தெசிபெலை மட்டும் அளப்பதிலும் இது பயனுடையது. முறையிடும் ஊழியர் கையில் ஓர் எண்ணையாவது இது தருகிறது.

ஆயினும், திறந்த மண்டபம் ஏன் வந்தது என்ற வினா ஒலியியலுக்குள் அடங்குவதன்று. 1950களின் இறுதியில் ஜேர்மனியில் ஷ்னெல்லே சகோதரர் முன்வைத்த 'காரியாலய நிலத்தோற்றம்' சுவர்களை அகற்றிப் பதவிப் படிநிலையையும் தளர்த்த முயன்றது. தரைவிரிப்பும் செடிகளும் அத்திட்டத்தின் உறுப்புகள். 1968இல் ஐக்கிய அமெரிக்காவில் றொபேட் புறொப்ஸ்ற் வடிவமைத்த நகர்த்தக்க தடுப்பு முறையும் ஊழியருக்கு இடமும் தனிமையும் அளிக்க எண்ணியதே. நிறுவனங்கள் இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது இலட்சியத்தையன்று, சதுர அடிக் கணக்கை. தரைவிரிப்பு போயிற்று, தடுப்பு தாழ்ந்தது, மேசைகள் நெருங்கின. கதவுள்ள அறை மேலாளருக்கு எஞ்சியது. ஜேர்மனியில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் மன்றங்களை வலுப்படுத்திய பின்னர், அங்கு பெருமண்டபங்கள் எதிர்ப்பைச் சந்தித்துச் சிற்றறைகள் மீண்டமை தற்செயலன்று.

மிச்சம் பிடித்த வாடகையின் மறுபக்கக் கணக்கும் இப்போது தெரியவந்துள்ளது. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், ஆறு பேருக்கு மேற்பட்டோர் பணிசெய்யும் திறந்த அறைகளில் இருந்தோர் தனியறையினரைவிட 62 சதவீதம் கூடுதலான நாட்கள் சுகவீன விடுப்பு எடுத்திருந்தனர். தொற்றும் காற்றோட்டமும் இதில் பங்கு கொண்டிருக்கலாம். முழுப்பழியையும் இரைச்சலின்மீது சுமத்துவது முறையன்று. கூடிப் பேசவே திறந்த மண்டபம் என்ற வாதம் இதனிலும் பலவீனமாகிவிட்டது. 2018இல் ஹாவார்ட் ஆய்வாளர் இருவர், திறந்த அமைப்புக்கு மாறிய இரு பெரு நிறுவனங்களின் ஊழியர்க்குக் கருவி அணிவித்து அளந்தபோது, நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த மேசைக்காரருக்கும் அவர்கள் மின்னஞ்சலே எழுதத் தொடங்கியிருந்தனர்.