பழைய காருக்கு எந்த ஃப்யூயல் பம்ப்?

போன செமஸ்டர் லீவுல சித்தப்பாவோட 1996 மாருதி 800-ஐ நான் கொளுத்தியிருப்பேன். பில்டப் இல்ல, நிஜமாவே. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம்கூட ஆகல. கறுப்புப் புகை வந்துச்சு, இன்ஜின் குலுங்குச்சு, அப்புறம் பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்து பார்த்தா கார்புரேட்டர்ல இருந்து பெட்ரோல் வழிஞ்சு சூடான இன்ஜின் மேல சொட்டிட்டு இருக்கு. இன்ஜின் தானா நின்னுபோச்சு. ஆனா சாவி ஆன்ல இருந்ததால பின்னாடி நான் மாட்டின எலெக்ட்ரிக் பம்ப் மட்டும் "ம்ம்ம்"னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. சித்தப்பா ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார். அவர் அன்னைக்குச் சொன்னதை இந்த இதழ்ல எழுத முடியாது.

நான் செஞ்ச தப்பு ரொம்ப சாதாரணமானது. பழைய வண்டியை மாடிஃபை பண்ற நம்ம பசங்க பலரும் செய்ய வாய்ப்பிருக்கிற தப்பு. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த வண்டியில கம்பெனி வச்சது என்னன்னு பார்ப்போம். கார்புரேட்டர் 800-ல இருக்கிறது மெக்கானிக்கல் பம்ப். இன்ஜின் மேலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கேம்ஷாஃப்ட் சுத்தும்போது ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளும், அது உள்ளே இருக்கிற டயாஃப்ரத்தை இழுக்கும், டேங்க்ல இருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாம இருந்தது அடுத்த பாதி. டயாஃப்ரத்தைத் திரும்பத் தள்ளி பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்புறது கேம் இல்ல, ஒரு ஸ்பிரிங். அதாவது பம்ப் கொடுக்கிற அழுத்தத்தை முடிவு பண்றதே அந்த ஸ்பிரிங்தான். கார்புரேட்டர் கிண்ணம் நிறைஞ்சு ஊசி வால்வு மூடிட்டா, ஸ்பிரிங்கால தள்ள முடியாது, டயாஃப்ரம் இழுத்த நிலையிலேயே நிக்கும், நெம்புகோல் சும்மா ஆடிட்டு இருக்கும். எந்த சென்சாரும் இல்லாம, தேவைக்கு மட்டும் ஊத்துற சிஸ்டம். இதை வடிவமைச்ச ஆளுங்களுக்கு ஒரு சல்யூட்.

இந்த மாதிரி பம்ப் தர்ற அழுத்தம் சுமார் 3-லிருந்து 5 பிஎஸ்ஐ. பார் கணக்குல 0.2-லிருந்து 0.35. நான் பழைய சாமான் கடையில "எலெக்ட்ரிக் பம்ப்தான தம்பி, எல்லா வண்டிக்கும் செட் ஆகும்"னு சொல்லி வாங்கிட்டு வந்தது, எம்பிஎஃப்ஐ வண்டிக்கான பம்ப். அதுக்கு வேலையே 3 பார் அழுத்தத்துல.

பத்து மடங்குக்கு மேல. அது என்ன பண்ணும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் பாடத்தை வச்சே போட்டுப் பார்க்கலாம். ஊசி வால்வு உட்கார்ற துளையோட விட்டம் 2 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். பரப்பளவு 3.14 சதுர மில்லிமீட்டர். 0.25 பார் அழுத்தத்துல ஊசியைத் தள்ளுற விசை, கிராம் கணக்குல, வெறும் 8 கிராம் எடை அளவு. மிதவை பெட்ரோல்ல மிதந்து அந்த 8 கிராமை எதிர்த்து ஊசியை மேல அமுக்கிப் பிடிச்சுக்கும். அதே துளையில 3 பார் வந்தா? 96 கிராம். அந்தக் குட்டி மிதவைக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஊசி திறந்தே இருக்கும், கிண்ணம் நிரம்பி வழியும். மீதி சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். அன்னைக்கு டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தப்போ பெட்ரோல் பங்க் வாசம். ஆயில் முழுக்க மாத்த வேண்டியதாப்போச்சு.

எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில சொன்னார்: "தம்பி, கார்புரேட்டருக்குக் குடிக்கத்தான் தெரியும். நீ வாயில பைப்பை வச்சு அடிச்சிருக்க."

சரி, நான் ஏன் பம்பை மாத்தப் போனேன்? அதுக்கும் காரணம் இருக்கு. நாங்க சேலம். சித்தப்பா மாசத்துக்கு ஒருமுறை ஏற்காடு ஏறுவார், 20 ஹேர்பின் வளைவு. வெயில் நாள்ல பாதி வழியில வண்டி நின்னுடும், அரை மணி நேரம் ஆறினா மறுபடி ஓடும். இதுதான் வேப்பர் லாக். மெக்கானிக்கல் பம்ப் சூடான இன்ஜின் மேல உட்கார்ந்துக்கிட்டு, பின்னாடி டேங்க்ல இருந்து உறிஞ்சுது. உறிஞ்சுற பக்கம் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும். பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாயிடும், பம்ப் ஆவியைத்தான் அமுக்கிட்டு இருக்கும். பத்மினி, அம்பாசடர் காலத்து டிரைவருங்க பம்ப் மேல ஈரத்துணி சுத்துவாங்களே, அது மூடநம்பிக்கை இல்ல, சுத்தமான தெர்மோடைனமிக்ஸ்.

எலெக்ட்ரிக் பம்பை டேங்க் பக்கத்துல, தாழ்வா வச்சா இந்தப் பிரச்சனை பெரும்பாலும் போயிடும். இந்த பம்புங்களுக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்ச அவ்வளவா வராது. பைப் முழுக்க அழுத்தத்துல இருக்கும்போது பெட்ரோல் சீக்கிரம் கொதிக்காது. ஸோ, என் ஐடியா தப்பில்ல, வாங்கின பம்ப்தான் தப்பு. கார்புரேட்டருக்குன்னே "டிக் டிக்"னு அடிக்கிற குறைந்த அழுத்த பம்ப் தனியா கிடைக்கும். அதைத்தான் கேட்டு வாங்கணும். பழைய பம்பைக் கழட்டின ஓட்டையை ஒரு தகடு, கேஸ்கெட் போட்டு மூடவும் மறக்காதீங்க, இல்லன்னா ஆயில் பீச்சும்.

அடுத்து, இன்ஜினையே எம்பிஎஃப்ஐ-க்கு மாத்துற பார்ட்டிங்க. (ஆர்டிஓ அனுமதி, ஆர்சி-யில பதிவு இல்லாம இன்ஜின் மாத்தக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. அதை முதல்ல முடிச்சுட்டு வாங்க.) இங்க 3 பார் கட்டாயம். ஆனா எல்லாரும் கேக்குற கேள்வி, "மச்சி, 255 லிட்டர் பம்ப் போடலாமா?" அந்த 255-ங்கிறது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர்ங்கிற கணக்கு. அழுத்தம் வேற, அளவு வேற. எஸ்டீம்ல வந்த 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ இன்ஜின் 85 பிஎச்பி, அதாவது சுமார் 63 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 300 கிராம் பெட்ரோல்னு தாராளமா போட்டாலும் 19 கிலோ, சுமார் 25 லிட்டர். ஃபுல் த்ராட்டில்ல மிதிச்சுக்கிட்டே இருந்தாதான் அதுவும். 255 போட்டா பத்துல ஒன்பது பங்கு ரெகுலேட்டர் வழியா ரிட்டர்ன் பைப்ல டேங்குக்கே திரும்பும், போற வழியில இன்ஜின் சூட்டையும் எடுத்துட்டுப் போகும். கார்புரேட்டர் காரோட ஒல்லியான ரிட்டர்ன் பைப் அவ்வளவையும் தாங்காம, ரெகுலேட்டரை மீறி அழுத்தம் ஏறவும் வாய்ப்பிருக்கு. டர்போ போடாதவனுக்கு அந்த பம்ப் வெறும் சத்தம்.

இன்னொன்னு, கார்புரேட்டர் டேங்க் உள்ளே தடுப்புச் சுவர் சரியா இருக்காது. பெட்ரோல் கம்மியா இருக்கும்போது வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காத்தை உறிஞ்சும். கார்புரேட்டர்ல கிண்ணம் சமாளிக்கும். இன்ஜெக்‌ஷன்ல உடனே தடுமாறும். அதனால ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வைக்கிறாங்க, இல்லன்னா எம்பிஎஃப்ஐ டேங்கையே மாட்டுறாங்க. ரெண்டாவதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது.

ஹோஸ் விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். ஹோஸ் மேலேயே அச்சடிச்சிருக்கும், படிங்க. எஸ்ஏஇ ஜே30ஆர்7-னா கார்புரேட்டருக்கு, ஜே30ஆர்9-னா இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு, டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி இருக்கிற துண்டுக்கு ஜே30ஆர்10. பார்க்க எல்லாமே கறுப்பு ரப்பர்தான். இப்போ பங்க்ல வர்றது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 1996 ரப்பருக்கு அது சுத்தமா ஒத்துக்காது. எப்படியும் மாத்தியே ஆகணும்.

கடைசியா வயரிங். என்னோட பெரிய பாவம் இதுதான். இக்னிஷன் வயர்ல நேரா பம்பைக் கொடுத்தேன். எம்பிஎஃப்ஐ கார்ல சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் பம்ப் சத்தம் கேட்டு நின்னுடுமே, கவனிச்சிருக்கீங்களா? இன்ஜின் சுத்தலைன்னா ஈசியூ பம்பை ஆஃப் பண்ணிடும். மெக்கானிக்கல் பம்ப்பும் இன்ஜின் நின்னா நின்னுடும். நான் போட்ட கனெக்‌ஷன்ல மட்டும்தான், வண்டி எங்கயாவது மோதி பைப் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். ஃப்யூஸ், ரிலே, அதோட ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா போற கனெக்‌ஷன், மோதினா கட் ஆகுற இனர்ஷியா ஸ்விட்ச், இவ்வளவும் இருந்தாதான் நான் இனிமே எலெக்ட்ரிக் பம்பைத் தொடுவேன்.

சித்தப்பா வண்டியில இப்போ புது மெக்கானிக்கல் பம்ப், புது ஹோஸ், பம்புக்குக் கீழே ஒரு ஹீட் ஷீல்டு தகடு. போன மாசம் மதியம் ரெண்டு மணி வெயில்ல ஏற்காடு ஏறினோம், நிக்கல. டேஷ்போர்டுல ஒரு துண்டும் தண்ணி பாட்டிலும் இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டேன். "உன்னை நம்பி வர முடியுமாடா"ன்னார். அந்த 3 பார் பம்ப் என் ஹாஸ்டல் அலமாரியில இருக்கு. எம்பிஎஃப்ஐ வண்டி வச்சிருக்கிறவங்க யாராவது கேட்டா கொடுத்துடறேன். கார்புரேட்டர்காரங்க கேட்டா தரமாட்டேன்.