உயரம் குறைந்தவர்களுக்கு மண்பாதை பைக்

ஷோரூமில் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பாதம் தரையில் படுகிறதா என்பதைத்தான். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ளவர் கரடுமுரடான பாதைக்கான பைக்குகளில் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடுவார். கல்லிலும் மேட்டிலும் அடிப்பாகம் இடிக்காமலிருக்க வண்டியைத் தூக்கி வைக்கிறார்கள். சீட்டும் கூடவே மேலே போய்விடுகிறது. ஆனால் இரண்டு பாதமும் முழுசாகப் பதியத்தான் வேண்டும் என்றில்லை. நிறுத்தும்போது இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, இடது முன்பாதத்தை மட்டும் ஊன்றினால் போதும். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

பழக்கத்தால் சமாளிக்க முடியாதது எடை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி இரண்டுக்கும் சீட் உயரம் 825 மி.மீ. ஆனால் பெட்ரோலோடு சேர்த்து முன்னது சுமார் 196 கிலோ. பின்னது 160 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே ஹிமாலயனின் எஞ்சின் தரும் சுகமே தனி. சரளைக்கல்லில் வண்டி சாயத் தொடங்கும்போதுதான் அந்த முப்பத்தைந்து கிலோ சொச்சம் முழங்காலில் வந்து இறங்கும். பழைய ஹிமாலயன் 411-இன் சீட் 800 மி.மீ.தான் என்று செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களும் கவனிக்கவேண்டும்: அதுவும் 200 கிலோவை ஒட்டிய வண்டி. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ இருக்கும், அதுவும் டாங்க்கில் உயரத்தில் இருக்கிறது. மண்பாதைக்கு மட்டும் போகிற நாளில் அரை டாங்க் போதும்.

மாடலின் பெயரை முழுசாகப் படியுங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவின் சீட் 891 மி.மீ.!

இந்தச் சீட் உயரங்கள் எல்லாம் ஆள் உட்காராத வண்டியில் அளந்தவை. உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும். ஒல்லியானவருக்குக் குறைவாகத்தான் அமுங்கும். பின் ஸ்பிரிங்கின் பிரீலோடைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். சீட்டின் அகலமும் முக்கியம். முன்பக்கம் ஒடுங்கிய சீட்டில் கால் நேராக இறங்கும். அகலமான சீட்டில் தொடை விரிந்து, எட்டவேண்டிய தரை எட்டாமல் போகும்.

அப்படியும் போதாவிட்டால் முதலில் சீட் தைப்பவரிடம் போய் ஃபோமைக் குறைக்கலாம். பின் சஸ்பென்ஷனை இறக்கும் லோயரிங் லிங்க் கடைசி வழி. பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஸ்டீயரிங் மந்தமாகும். அதற்கேற்ப ஃபோர்க்கையும் கிளாம்பில் மேலேற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும், அதையும் வெட்டவேண்டும். காசு கொடுத்து வாங்கிய கிரவுண்ட் கிளியரன்ஸும் போய்விடும்.

எழுந்து நின்று ஓட்டும்போது மட்டும் குட்டையானவருக்கே லாபம். உயரமானவர்கள் ஹேண்டில்பாரை உயர்த்தத் தனியாகச் செலவு செய்கிறார்கள்.

வாங்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, புல்தரையில் வண்டியை மெதுவாக வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். முதுகைச் சீட்டில் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் பின்கம்பியையும் பிடித்து, கால்களால் பின்னோக்கித் தள்ளி நிமிர்த்த வேண்டும். தனியாக முடியவில்லையென்றால் அடுத்த இலேசான வண்டியைப் பாருங்கள்.