அல்லா பந்த்: ஒரு மாலையில் எழுந்த கரை

பூகம்பம் என்ற மாத்திரத்தில் இடிந்து கிடக்கும் வீடுகளும், அவற்றின் அடியிலிருந்து எழும் ஓலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீடுகளைத் திரும்பக் கட்டி முடித்து, மாண்டவர்களுக்காக அழுது ஓய்ந்த பிறகும், நிலம் தான் அடைந்த மாறுதலை விட்டுக்கொடுக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அதை அறிய விரும்புகிறவர்கள் கட்ச் பிரதேசத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

1819ஆம் வருஷம் ஜூன் மாதம் 16ஆம் தேதி மாலையில் அந்தப் பிரதேசம் குலுங்கியபோது, பூஜ் நகரில் வீடுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. வெகு தூரத்திலுள்ள ஆமதாபாத்தில்கூட ஜும்மா மசூதியின் உயர்ந்த ஸ்தூபிகள் சரிந்தன. ஆனால் எல்லாவற்றிலும் விசேஷமான காரியம், ஜன சஞ்சாரம் அதிகமில்லாத ரண் உவர்வெளியில், பார்ப்பார் இல்லாமலே நடந்து முடிந்தது. பூமிக்கடியில் இருந்த பழைய பிளவு ஒன்று நெருக்கம் தாளாமல் பெயர்ந்து, வடபுறத்து நிலத்தைத் தென்புறத்தின்மேல் உந்தித் தள்ள, கிழக்கு மேற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சிற்சில இடங்களில் 6 மீட்டர் உயரம் வரையில், ஒரு மேடு எழுந்தது. அதன் தென்புறமோ அதே சமயத்தில் அமிழ்ந்து போயிற்று. மனிதர் கட்டிய அணைகள் சிந்து நதியின் கிளைகளில் ஏற்கெனவே பல இருந்தமையால், இதை ‘அல்லா பந்த்’, அதாவது ஆண்டவன் கட்டிய அணை, என்று ஜனங்கள் அழைக்கலானார்கள்.

அமிழ்ந்த பக்கத்தில் சிந்த்ரி என்றொரு சிறு கோட்டை இருந்தது. சில மணி நேரத்துக்குள் கோரிக் கழியின் வழியாகச் சமுத்திரம் உள்ளே புகுந்து அதைச் சூழ்ந்துகொள்ள, அங்கிருந்தவர்கள் கோபுரமொன்றில் ஏறி இராப்பொழுதைக் கழித்து, மறுநாள் படகில் தப்பினார்கள். லக்பத் கோட்டையருகே, கடல் வற்றும் வேளையில் ஓரடித் தண்ணீரில் கால்நடையாகவே கடக்கக்கூடியதாயிருந்த துறை, அதற்குப் பிறகு அதே வேளையில் பதினெட்டடிக்கு மேல் ஆழங்கண்டது. 1828இல் அலெக்சாந்தர் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சிந்த்ரிக்குப் படகிலே சென்றபோது, மிஞ்சி நின்றது ஒற்றைக் கோபுரம். நீருக்குமேல் இரண்டு மூன்றடியே தெரிந்த மதிற்சுவரின்மேல் ஏறி நின்று பார்த்தால் எத்திசையிலும் ஜலமேயன்றி வேறில்லை, வடக்கே மட்டும் அல்லா பந்த் நீலக்கோடாகத் தெரிந்தது என்று அவர் குறித்திருக்கிறார். பூகம்பத்துக்கு முன் தீட்டப்பட்ட அந்தக் கோட்டையின் சித்திரம் ஒன்றைச் சார்லஸ் லயல் தம்முடைய பூகர்ப்ப சாஸ்திர நூலில் சேர்த்தமையால், கட்சைக் கண்ணால் காணாத ஐரோப்பியரும் சிந்த்ரியை அறிந்திருந்தார்கள். நம்மவருள் எத்தனை பேர் அறிவோம் என்று கேட்பது அவ்வளவு மரியாதையாக இராது.

மலைநாட்டில் 6 மீட்டர் உயர்வு என்பது ஒரு பொருட்டன்று. ஏற்றத்தாழ்வே இல்லையென்று சொல்லத்தக்க ரண் போன்ற வெளியிலோ, தாம்பாளத்தின் ஒரு விளிம்பை விரற்கடை உயர்த்தினால் அதிலுள்ள நீர் மறுபுறம் ஓடிவிடுவதுபோல, நதி எங்கே போவது, உப்பு எதுவரை ஏறுவது, எந்த ஊர் வாழ்வது என்பதெல்லாம் அந்த அற்ப உயரத்தைப் பொறுத்தே நிற்கின்றன. லக்பத் பக்கத்து நெல்வயல்கள் சிந்து தேசத்து அரசர் கட்டிய அணைகளால் முன்பே தண்ணீரின்றி வாடியிருந்தன என்பது மெய். குற்றம் முழுவதையும் பூகம்பத்தின்மேல் சுமத்துவது தகாது. 1826இல் சிந்து நதி பெருக்கெடுத்து, மனிதர் கட்டிய அணைகளையும் ஆண்டவன் அணையையும் ஒருங்கே உடைத்துக்கொண்டு சிந்த்ரி ஏரிக்குள் வந்து விழவும் செய்தது. ஆனாலும் பழைய நதி பழையபடி நிலைத்து ஓடவில்லை. லக்பத் இன்று நீண்ட மதிலுக்குள் சில வீடுகளே கொண்ட ஊர்.

என்னை வருத்துவது வேறொன்று. அந்த மேட்டின் உயரத்தை ஒருவர் கிரமமாக அளந்தது 1844இல், அதாவது இருபத்தைந்து வருஷங்கள் கழித்து. 1819க்கு முன்னே அந்த நிலத்தின் மட்டத்தை எவரும் அளந்து வைக்காதபடியால், எவ்வளவு எழுந்தது, எவ்வளவு அமிழ்ந்தது என்ற கணக்கில் பாதி அனுமானமே. 2001ஆம் வருஷம் ஜனவரி 26ஆம் தேதி பூஜ் மறுபடியும் குலுங்கி இருபதினாயிரம் பேர் அளவில் மாண்டபோது, பிளவு மேல்மட்டம் வரையில் வரவேயில்லை. நிபுணர்கள் தேடித்தேடிப் பார்த்தும் அல்லா பந்த் போன்றதொரு கரையைக் காணவில்லை. கண்ணுக்குத் தெரியாததனால் நிலம் மாறவில்லை என்று எண்ணிவிடுவது எவ்வளவு சுலபம்! 2004 டிசம்பரில் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்ததும், வட அந்தமானில் பவளப்பாறைகள் நீரைவிட்டு மேலே எழுந்து வெயிலில் மடிந்ததும் நமக்குத் தெரியவந்ததற்குக் காரணம், அங்கே அடையாளமாகக் கடல் இருந்ததுதான். கடலில்லாத உள்நாட்டுச் சமவெளியில் ஒரு மீட்டர் மாறுதலை எதைக் கொண்டு அறிவது?

உயிரைக் குடிப்பது குலுக்கமே, நிலமட்டமன்று, ஆகவே உறுதியான வீடு கட்டுவதே முதல் வேலை என்று பொறியியல் வல்லவர்கள் சொல்லுவார்கள், அதில் நியாயமுண்டு. ஆயினும், ஜப்பானில் 1891ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் மிதோரி என்ற சிற்றூரில் சாலையைக் குறுக்கே வெட்டி ஏறத்தாழ 6 மீட்டர் உயர்ந்து நின்ற கரையை, அந்நாட்டார் உழுது சமப்படுத்திவிடாமல் காப்பாற்றி, பக்கத்திலே பள்ளந்தோண்டி, பூமியின் அடுக்குகள் பெயர்ந்திருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் நேரில் காணும்படி அதன்மேல் கூரையும் அமைத்திருக்கிறார்கள். நம் அல்லா பந்தோ இரு தேசங்களின் எல்லையை ஒட்டி, சாமானியர் எளிதில் போய்ப் பார்க்க இயலாத இடத்தில் கிடக்கிறது.

அதைத் திறந்துவிடு என்று கேட்பதற்கில்லை. கட்சிலும் அந்தமானிலும் துறைமுகமோ உப்பளமோ கால்வாயோ அமைக்க முற்படுகிறவர்கள், மண்வெட்டி விழுமுன்னே நிலமட்டத்தை அளந்து, வருஷத்தோடு கல்லில் பொறித்து, அந்தக் கணக்கின் பிரதியொன்றை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.