உளுந்தங்களியும் கால்பந்தும்

2019-ஆம் வருஷம் ஆனி மாதம். என் இளைய மகள் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் வந்தவள், கொடுத்த டீயைத் தொடாமல் ஒரு தாளை நீட்டினாள். "அம்மா, இதிலே ஒரு கையெழுத்துப் போடு." கல்லூரி கால்பந்து அணியில் சேரப் பெற்றோர் சம்மதம் என்று அச்சடித்திருந்தது.

நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியாருக்குக் காது நல்ல கூர்மை. "ஏளா, பொம்பளப்பிள்ள காலைத் தூக்கிப் பந்தை உதைக்கதா? ஊரு சிரிக்கும்லா!" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். எனக்கும் இஷ்டமில்லைதான். வெயிலில் கறுத்துப் போவாளே, முழங்கால் போனால் நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வது, இப்படியெல்லாம்தான் என் புத்தி போயிற்று. பொய் சொல்வானேன்?

கால் பயம் சும்மா வந்ததில்லை. எங்கள் வண்ணார்பேட்டையிலேயே, இரண்டு தெரு தள்ளி ஒரு பெண். முந்தின வருஷம் வேறொரு அணியில் ஆடப் போய், துள்ளிக் குதித்து இறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் வரை போனது. பயிற்சி என்று ஒன்றுமே கொடுக்காமல், போட்டிக்கு முதல் நாள் எண்ணிப் பதினோரு பேரைப் பிடித்து அனுப்பினார்களாம்.

ஆனால் என் மகளின் கல்லூரியில் அந்த வருஷம் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும், கடலூர்ப் பக்கத்துப் பெண். வந்த பத்தாம் நாள் பெற்றோரை அழைத்தார். அப்பாக்கள் வேண்டாம், அம்மாக்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். 'இது என்னடா புதுசா இருக்கு' என்று நானும் போனேன்.

வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்து, அவர் முதலில் சொன்னது சேது அணியின் கதை. மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை ரோட்டில் காரியாபட்டி பக்கம் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறதல்லவா, அதை நடத்தும் சீனி முகைதீன் 2016-இல் பெண்களுக்கென்றே ஒரு கால்பந்து அணியைத் தொடங்கினார். பெரிய ஊர் கிளப்புகளுக்கு நடுவே நம் கரிசல் பூமியிலிருந்து ஒரு கல்லூரி அணி! அந்த 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக்கில், அரையிறுதியில் எட்டுக்கு ஒன்று என்று ஜெயித்து, மே 22-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்து விட்டார்கள். அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண்மணி. நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி என்ற பெண் வந்து ஆடி கோலாகப் போட்டுத் தள்ளினாளாம். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்று இருந்ததை, அதற்கு முந்தின வருஷமே, 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் உடைத்திருந்தார்கள். 2-1, அதுவும் மணிப்பூரோடேயே.

"எங்க கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினவங்க. இன்னைக்கு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர்" என்று அவர் சொன்னதும் அம்மாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் என்றால் சம்பளம், பென்ஷன். கோப்பையைவிட அது எங்களுக்குச் சட்டென்று விளங்கியது!

ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: "பெண் உடம்புக்கு இது தாங்குமா, மேடம்?" அவர் சிரித்துக்கொண்டே இங்கிலாந்துக் கதை ஒன்றைச் சொன்னார். 1920-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் நகரத்தில் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்க்க ஐம்பத்து மூவாயிரம் பேர் வந்தார்களாம். மறு வருஷமே கால்பந்துச் சங்கத்தார், இது பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். அந்தத் தடை சுமார் ஐம்பது வருஷம் நீடித்தது. "உங்க மாமியார் சொல்றதைத்தான்மா அந்தத் துரைகளும் சொன்னாங்க" என்றார். என் மாமியார் சொன்னது இவருக்கு எப்படித் தெரிந்ததோ! எல்லார் வீட்டு மாமியாரும் ஒன்றுதானே.

அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. பூட்ஸ் வாங்கணும், ஜெர்சி வாங்கணும் என்பார் என்று நினைத்தால், "எல்லாரும் ரத்தப் பரிசோதனை சீட்டு கொண்டு வரணும். ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தா நான் ஆட்டத்தில் இறக்க மாட்டேன்" என்றார். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனாலே சோகைதான் என்றும் சொன்னார்.

என் மகளுக்கு 9.2. 'கொழுகொழுன்னு இருக்காளே, எப்படி?' என்று நான் வாயைப் பிளந்தேன். அணியில் பதினெட்டுப் பெண்கள் என்றால் பதினொரு பேருக்கு இதே கதை. பிறகு ஒரு சமயம் பத்திரிகையில் பார்த்தேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறதாம். எங்கள் அணி அப்படியே நாட்டுக்கணக்கு!

கையெழுத்துப் போட்டேன். விளையாட்டுக்காக இல்லை, ரத்தத்துக்காக.

முதல் ஒரு மாதம் பந்தையே கண்ணில் காட்டவில்லை. காலை ஆறு மணிக்கு ஓட்டம், குதித்து இறங்கப் பழக்கம், ஒற்றைக் காலில் நிற்பது, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகமாம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இருக்கப் பழக்கிவிட்டால் பாதி ஆபத்து குறையும் என்பார். மாதவிலக்குத் தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். வலியோ அதிகப் போக்கோ இருந்தால் வெட்கப்படாமல் தன்னிடம் சொல்லணும் என்றார். ஆம்பளை மாஸ்டரிடம் எந்தப் பெண் இதைச் சொல்வாள், நீங்களே சொல்லுங்கள்?

வீட்டில் என் அடுக்களைதான் மாறியது. சாப்பாட்டோடு டீ கூடாது. டீ, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும். கீரை சமைத்தால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும். வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. (வயிறு புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறின பிறகும் மூன்று மாதம் தொடரணும்.) இதெல்லாம் நான் சொன்னபோது வாயைத் திறக்காத மாமியார், 'சத்து' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்தார். கறுப்பு உளுந்தையும் கைப்பிடி பச்சரிசியையும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க உளுந்தங்களி. "வயசுக்கு வந்தப்ப பதினாறு நாள் கொடுத்தேன். அதுக்குப் பொறவு நீ எங்க கொடுத்த?" என்று எனக்கும் ஒரு இடி. இரும்புச் சத்துக்கு மாத்திரை, புரதத்துக்கு ஆச்சி களி என்று பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டதில் ஆச்சிக்கு ஒரே பெருமை.

புரட்டாசியில் இரண்டு சிநேக ஆட்டங்கள். இரண்டிலும் தோல்வி. 0-4, 0-2. இரண்டிலும் என் மகள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு 10.4-தான். ராத்திரியெல்லாம் அழுகை. வேண்டாம் என்று சொன்ன அதே நான், மறுநாள் விறுவிறுவென்று கல்லூரிக்குப் போய், "அரைப் புள்ளி குறைஞ்சா என்ன மேடம், பிள்ளை ஏங்கிப் போறா" என்று சண்டைக்கு நின்றேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எவ்வளவும்மா?" என்றார்.

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"மாடிப்படி ஏறி வந்ததுக்கு இப்படி மூச்சு வாங்குதே. கடைசியா எப்போ பார்த்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். இளையவள் வயிற்றில் இருந்தபோது பார்த்தது. பதினெட்டு வருஷம்!

எனக்கு 7.8 இருந்தது. இரண்டு வருஷமாக மாதாமாதம் எட்டு நாள், பத்து நாள் என்று போய்க்கொண்டிருந்ததை 'வயசு நாற்பத்திரண்டு ஆகுது, நிற்கப் போகிற நேரம்' என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. நல்லவேளை, சாதாரணக் கட்டிதான். ஆனால் இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் லேடி டாக்டர். மாத்திரையில் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, கார்த்திகையில் கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்குள் ஒரே நேரத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் களி கிண்டினார் மாமியார்.

2020 ஜனவரியில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி. மகளுக்கு 11.8. முதல் ஆட்டம் 1-1. அடுத்தது 2-0, அதற்கடுத்தது 1-0 ஜெயம். பின்னால் நின்று தடுக்கிற இடம் என் மகளுக்கு. கோல் போடுகிறவர்களைத்தான் எல்லாரும் கைதட்டுவார்கள், தடுக்கிறவளை அம்மாதான் பார்ப்பாள். கடைசி ஆட்டம் என் நாத்தனார் மகள் கல்யாணத்தன்று வந்து வாய்த்தது. "தாய்மாமன் மகள் பந்தலில் இல்லைன்னா என்ன மரியாதை?" என்று போனில் மதினி கொதித்தார். அந்த ஒரு நாள் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். "முகூர்த்தம் காலையில. ஆட்டம் மூணு மணிக்கு. தாலி கட்டின கையோட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். தலையில் வைத்த பூவை வண்டியிலேயே எடுத்துவிட்டு, ஜடையை இறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

1-2 என்று தோற்றோம். இரண்டாவது கோல் இவள் காலில் பட்டுத் திரும்பித்தான் உள்ளே போனது. மைதானத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை இவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. பயிற்சியாளரும் சொந்த ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அணியிலிருந்து இந்திய அணிக்குப் போனவர்கள் யாருமில்லை. ஒருத்தி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து எனக்குச் சீட்டை போனில் அனுப்புகிறாள், நான் என்னுடையதை அவளுக்கு அனுப்புகிறேன்.

2022 மே 26 அன்று சாயங்காலம் புவனேஸ்வரத்தில் மகளிர் லீக்கின் கடைசி ஆட்டம், சேதுவும் கேரளத்து கோகுலமும். இரண்டு அணியும் அதுவரை பத்துக்குப் பத்து ஜெயித்து வந்து மோதின. மகள் போனைச் செம்பில் சாய்த்து வைக்க, மாமியாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கோல் சேதுதான் போட்டது. அப்புறம் கோகுலம் வரிசையாக மூன்று. 3-1.

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, அந்தப் பிள்ளைகளுக்கு அங்க யாரு களி கிண்டிக் கொடுக்கா?"