கருக்கலைப்பு மரணங்கள்: சட்டமும் சுகாதாரத் துறையும்



கருக்கலைப்பினால் ஒரு பெண் மரணித்தால், சட்டம் முதலில் தேடுவது குற்றவாளியையே. நமது தண்டனைச் சட்டக்கோவை, இந்தியாவின் 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883 இல் பிரித்தானியரால் இயற்றப்பட்டது. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் அன்றிக் கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. சிசுவின் அசைவு தோன்றிய பின்னரெனில் 7 ஆண்டுகள் வரை. தன் கருவைத் தானே கலைப்பவளும் இதில் அடங்குவாள். அச்செயலால் பெண் இறந்தாலோ, செய்தவருக்கு 20 ஆண்டுகள் வரை சிறை.

வன்புணர்வு போன்ற சில சந்தர்ப்பங்களில் அனுமதி வழங்கும் திருத்தம் 1995 இல் பாராளுமன்றத்திற்கு வந்து கைவிடப்பட்டது. 2017 இல் அமைச்சரவை இணங்கிய பின்னரும், சமயத் தலைவர்களின் ஆட்சேபனையால் முயற்சி தடைப்பட்டது. நமது மார்க்க அறிஞர்களோ, 120 நாட்களுக்கு முன்னைய நிலை பற்றிக் கருத்து வேறுபட்டபோதிலும், அதன் பின்னர் தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி அனுமதியில்லை என்பதில் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றனர்.

சட்டம் இவ்வாறு நின்றவிடத்தில் நிற்க, சுகாதாரத் துறை வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. 1980 களிலிருந்து ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு ஆராயப்படுகின்றது. "யார் குற்றவாளி?" என்பதன்று, "எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது? இம்மரணத்தைத் தடுத்திருக்க முடியுமா?" என்பதே அங்கு வினா. குடும்பநல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரியும் வீடுவரை சென்று விசாரிப்பர். பாதுகாப்பற்ற கருக்கலைப்பு தாய் மரணத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக அப்பதிவுகளில் இடம்பெற்று வந்துள்ளது.

அம்மரணம் பெரும்பாலும் உடனே நிகழ்வதில்லை என்பதைக் கவனியுங்கள். கருப்பையில் எஞ்சிய பகுதியில் கிருமி தொற்றி, இரத்தத்தில் பரவச் சில நாட்கள் செல்லலாம். காப்பாற்றக்கூடிய நாட்கள் அவையே. ஆனால் ஊர் என்ன சொல்லும், பொலிஸ் வருமா என்ற அச்சத்தில் குடும்பம் அந்நாட்களை வீட்டிற்குள்ளேயே கழித்துவிடுகின்றது. மானத்தைக் காப்பதாக எண்ணி மகளை இழந்த வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு, நாமும் விலக்கல்லர்.

சட்டம் தண்டிப்பது கருவைக் கலைக்கும் செயலை. ஏற்கெனவே கலைந்த கருவின் விளைவுகளுக்கு வைத்தியர் சிகிச்சை அளிப்பது குற்றமன்று. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. அதிக இரத்தப்போக்கு, நடுக்கத்துடன் காய்ச்சல், அடிவயிற்றில் கடும் வலி, துர்நாற்றமுள்ள கசிவு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், காரணத்தைக் கேட்டு நிற்காமல் அன்றைய இரவே அவளை அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை வைத்தியரிடம் மறைக்காது கூறுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்று அறிந்தாலே அவர் விரைந்து செயற்பட முடியும்.