நாய்க்கடிக்கு ஐந்நூறு ரூபாயா? கணக்கு நமக்குத் தெரிய வேண்டும்

கடித்தது தோட்டத்து வீட்டு நாய். கடிபட்டவர் களையெடுக்கப் போன நம் தெருப் பெண். சாயங்காலம் அவர் கணவர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார். "ஊசி போட்டுக்கச் சொல்லு" என்று ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டப்படுகிறது. நாளைக்கும் அதே தோட்டத்தில் வேலைக்குப் போக வேண்டுமே என்று அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இப்படிப்பட்ட காட்சி நம் ஊர்களில் புதிதல்ல.

அந்த ஐந்நூறு எந்தக் கணக்கில் வந்தது? கொடுத்தவரும் கணக்குப் பார்க்கவில்லை, வாங்கிய நாமும் பார்க்கவில்லை. இந்த வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கைவிட்டுப் போன காசு

ஓர் எடுத்துக்காட்டு. நாள் கூலி 400 ரூபாய் வாங்கும் பெண்ணுக்குக் கெண்டைக்காலில் கடி. 15 நாள் வேலைக்குப் போக முடியவில்லை. கூலி இழப்பு மட்டும் 6,000 ரூபாய். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் தடுப்பூசி கடித்த நாளிலும், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடப்படுகிறது. ஊசி இலவசம்தான், போய் வருவது இலவசமில்லை. நான்கு நாளும் துணைக்குப் போனவரின் கூலி 1,600. பஸ், ஆட்டோ செலவு 800. வெளியில் வாங்கிய மருந்துக்கு 1,200. மொத்தம் 9,600 ரூபாய். வலிக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

உடல் காயத்துக்கு இழப்பீடு கணக்கிடும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சாலை விபத்து வழக்கில் வகைப்படுத்தியது. சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனம் இருந்தால் இனி இழக்கப்போகும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் மன வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு என்பவை அதில் வரும். நாய்க்கடிக்கு வக்கீல்கள் மனு எழுதும்போதும் இந்தத் தலைப்புகள் வழிகாட்டும்.

"கூலிக்காரருக்கு வருமானச் சான்று ஏது?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2011-ல் ராமச்சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2004-ல் விபத்தில் சிக்கிய அந்தக் கூலித் தொழிலாளி மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். கூலி வேலை செய்பவரிடம் சம்பள ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று அவர் சொன்ன தொகையையே நீதிமன்றம் ஏற்றது. 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அரசே நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதற்கும் கீழே நம் உழைப்பை மதிப்பிட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பல் தடத்துக்கு 10,000

காயத்தையே அளந்து தொகை சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. தெருவில் திரியும் கால்நடைகளாலும் நாய்களாலும் பாதிக்கப்பட்டவர்களின் 193 மனுக்களை விசாரித்த பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-ல் ஓர் அளவை வகுத்தது. நாய்க்கடியில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய். தோலிலிருந்து சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய். இந்த அளவில் நான்கு பல் தடத்துக்கு 40,000 ரூபாய் வரும். ஒரு சென்டிமீட்டர் சதை போயிருந்தால் அதற்கு ஒரு லட்சம். மாவட்ட அளவில் குழு அமைத்து, விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்கவும் அந்த நீதிமன்றம் சொன்னது.

இது பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்கு இட்ட உத்தரவு. தமிழ்நாட்டு அதிகாரிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் வழக்கில் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

யாரிடம் கேட்பது?

தெரு நாய் என்றால் உள்ளாட்சி அமைப்பிடம். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது ஊராட்சி, நகராட்சியின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றம் போகலாம்.

வளர்ப்பு நாய் என்றால் வளர்ப்பவரிடம். நாயை அடக்கி வைக்காத அலட்சியத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அந்த அபராதம் அரசுக்குப் போவது. நமக்கான இழப்பீட்டை உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அந்த நாய் முன்பே யாரையாவது கடித்திருந்தால் அவர்களின் சாட்சி வழக்குக்குப் பெரிய பலம்.

நாயை ஏவிவிட்டால் கதையே வேறு. விலங்கைக் கொண்டு காயம் ஏற்படுத்துவது அதே சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவில் தனிக் குற்றம். பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே, அச்சாதியைச் சேராத ஒருவர் இதைச் செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அச்சட்டத்தின் விதிகளில் 2016 திருத்தத்தின்படி தீருதவி குற்றத்துக்கு ஏற்ப 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வழக்கின் கட்டங்களைப் பொறுத்துத் தவணையாகக் கிடைக்கும். தானாக ஓடி வந்து கடித்த நாய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இல்லாததைச் சேர்த்து எழுதினால் உண்மையான புகாரும் வலுவிழக்கும்.

அதிகாலையில் தெரு கூட்டப் போகும் நம் தூய்மைப் பணியாளர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வழியாகவும் கேட்கலாம். ஒப்பந்ததாரர் கைவிரித்தாலும் வேலை வாங்கிய முதன்மை அமைப்பிடம் கேட்க அச்சட்டம் இடம் தருகிறது.

முதல் நாளே சேர வேண்டிய காகிதம்

எந்த வழியில் போனாலும் முதலில் உயிர். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழுவும் முன் காயத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அதற்காகத் தாமதிக்க வேண்டாம். மருத்துவமனையில் நாய் கடித்தது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பல் தடம், காயத்தின் நீளம், ஆழம் எவ்வளவு என்பதும் அதில் வர வேண்டும். ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, மருந்துக்கடை ரசீது, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். போலீஸில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வேலைக்குப் போகாத நாள்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. தொகையைச் சரிபார்த்த பிறகே கையெழுத்து.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் அடுத்து யாருக்காவது நாய்க்கடி என்றால், ஊசி போட அழைத்துப் போகும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப் போங்கள். அந்த ஐந்நூறு ரூபாய்த் தாள் வாசலுக்கு வரும்போது, நாம் போட்ட கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.